ஒரு மஞ்சள் குளிசையின் வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆனால் நமது ஊர் வீடுகள் சிலவற்றில், அலுமாரியில் உடுப்புகளுக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு மஞ்சள் குளிசையைப் பற்றியது. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

உயர்தர உயிரியல் வகுப்பில் பற்றீரியாவைப் பற்றிப் படிப்பிக்கும்போது ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்: "சேர், குடலுக்குள்ள இவ்வளவு கிருமி இருந்தா நமக்கு ஏன் ஒவ்வொரு நாளும் வருத்தம் வாறதில்ல?" நல்ல கேள்வி. ஒரு மனித உடலில் சுமார் 38 ட்ரில்லியன் பற்றீரியாக்கள் இருக்கின்றன என்று 2016இல் ஒரு கணக்கு வெளியானது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் வாழ்கின்றன. இந்தக் கூட்டத்தோடு சண்டையில்லாமல் வாழ்வதுதான் ஆரோக்கியம். சிலருடைய குடல் அந்தச் சமாதானத்தை இழந்துவிடுகிறது. குடலின் உட்சுவர் சிவந்து, புண்ணாகி, இரத்தம் கசிகிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அது ஆறுவதும் மீண்டும் கிளம்புவதுமாக இருக்கும். பெருங்குடலில் மட்டும் வந்தால் கிளினிக் கொப்பியில் டொக்டர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று எழுதுவார். வாயிலிருந்து மலவாசல் வரை எங்கும் வரக்கூடிய இன்னொரு வகைக்கு குரோன்ஸ் நோய் என்று பெயர்.

இந்த வருத்தம் வந்தவர்கள் அதை வெளியில் சொல்வதில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது என்பதை யாரிடம் சொல்வது? வுழூ நிற்காது என்ற பயத்தில் ஜும்ஆவுக்கே வராமல் விட்டவரை, தொழுகையில் பொடுபோக்கானவர் என்று நாமே பேசியிருக்கிறோம். குமர்ப் பிள்ளைக்கு வந்தால் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று உம்மா மூடி மறைக்கிறார். மலத்தோடு இரத்தம் போனால் "மூல வருத்தம்தான்" என்று நாமே முடிவு கட்டி, நாட்டு மருந்தோடு வருடங்களைக் கடத்துகிறோம்.

நமது நாட்டில் இது பரவலான நோய் இல்லை. கொழும்பு, கம்பஹா மாவட்ட ஆஸ்பத்திரிகளை வைத்துச் செய்யப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு, ஒரு இலட்சம் பேரில் சுமார் ஐந்து பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பதாகக் கண்டது. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே, இந்த வருத்தம் உள்ளவர் தன்னைப் போல் ஊரில் வேறு யாருமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார். அவர் தனி ஆள் இல்லை என்று சொல்லத்தான் இந்த வரலாற்றை எழுதுகிறோம்.

பெயர் வைத்த காலம்

1859இல் லண்டனில் சாமுவேல் வில்க்ஸ் என்ற மருத்துவர் இறந்துபோன ஒரு பெண்ணின் குடலைப் பரிசோதித்தார். அவளுடைய கணவனாக இருந்தவர் நஞ்சு வைத்துக் கொன்றாரா என்ற வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. குடலில் தான் கண்ட புண்களை வில்க்ஸ் விவரித்து எழுதினார். அதுவரை இரத்தம் போகும் வயிற்று நோய்கள் எல்லாமே வயிற்றுளைவு என்ற ஒரே கணக்கில்தான் போய்க்கொண்டிருந்தன. தொற்றினால் வராத ஒரு குடற்புண் தனியாக உண்டு என்ற எண்ணம் அதன் பிறகே மெல்ல மெல்ல வேரூன்றியது. 1932இல் நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஒப்பன்ஹைமர் ஆகிய மூவரும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கும் நோயைப் பற்றி எழுதினார்கள். 14 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அது. ஆங்கில அகரவரிசையில் குரோனின் பெயர் முதலில் வந்ததால் நோய்க்கும் அவர் பெயரே நின்றுவிட்டது.

பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. எந்தக் கிருமி இதைச் செய்கிறது என்று தேடித் தேடி அலுத்துப்போனார்கள். காலராவுக்கு ஒரு கிருமி, காசநோய்க்கு ஒரு கிருமி என்று பிடித்தது போல இதற்கு ஒன்றைப் பிடிக்க முடியவில்லை.

சுவீடன் நாட்டுப் பெண் பேராசிரியர்

இங்கேதான் நமது மஞ்சள் குளிசையின் கதை தொடங்குகிறது. அதை உருவாக்கியவர் நானா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர். 1937இல் ஸ்டொக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியரானார். சுவீடனின் அரச பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவர் தேடியது குடலுக்கான மருந்தை அல்ல. மூட்டுவாதத்துக்கான மருந்தைத் தேடினார். மூட்டுவாதம் பற்றீரியாவால் வருகிறது என்று அவர் நம்பினார். சல்பா மருந்துகள் புதிதாக வந்து உலகத்தையே வியக்க வைத்திருந்த காலம் அது. எனவே கிருமியைக் கொல்ல சல்பாபிரிடீன் என்ற சல்பா மருந்தையும், வீக்கத்தைத் தணிக்க அஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த 5 அமினோ சாலிசிலிக் அமிலத்தையும் இணைத்து ஒரே மூலக்கூறாக ஆக்கினால் இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கும் என்பது அவருடைய கணக்கு. சுவீடனின் பார்மேசியா கம்பனியின் இரசாயனவியலாளர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். இரண்டையும் பிணைத்தது இரண்டு நைதரசன் அணுக்களாலான ஒரு பாலம். சாயப் பொருட்களில் நிறத்தைக் கொடுக்கும் அசோ பிணைப்பும் இதுதான். குளிசை மஞ்சளாக இருப்பதும், குடித்தவரின் சிறுநீர் சில வேளை செம்மஞ்சளாகப் போவதும் அதனால்தான். பயப்பட ஒன்றுமில்லை.

மூட்டு வருத்தத்தோடு குடற்புண்ணும் இருந்தவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்தபோது, குடலும் சுகமாவதை ஸ்வார்ட்ஸ் கவனித்தார். 1942இல் அதைப் பற்றி எழுதினார். சல்பாசலசீன் உலகத்துக்கு வந்தது. இன்றும் பல நாடுகளில் அதைக் கொடுக்கிறார்கள்.

ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. சல்பா கிருமியைக் கொல்கிறது, குடல் ஆறுகிறது என்று ஒரு பொதுவான நினைப்பு இருந்தது, அவ்வளவுதான். முப்பது வருடங்களுக்கும் மேலாக அப்படியே குடித்தார்கள். சுகமும் வந்தது. தலையிடி, ஓங்காளம், தோலில் தடிப்பு என்று பக்கவிளைவுகளும் வந்தன.

சுகமான பிறகும் குடிக்க வேண்டுமா?

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் சிட்னி ட்ரூலவ் என்ற மருத்துவர் இருந்தார். அவரும் விட்ஸ் என்பவரும் 1955இல் வெளியிட்ட ஆய்வுதான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் கடுமையாகக் கிளம்பும்போது கோட்டிசோன் உயிரைக் காக்கும் என்று காட்டியது. நோய் எவ்வளவு கடுமை என்று அளக்க அவர்கள் வகுத்த அளவுகோலை இன்றும் வார்ட்டில் டொக்டர்மார் பயன்படுத்துகிறார்கள்.

அதே ட்ரூலவிடம் 1973இல் இன்னொரு ஆய்வு நடந்தது. அந்தக் கட்டுரையில் ட்ரூலவின் பெயருக்கு முன்னால் இருக்கும் பெயர் திசாநாயக்க. அந்தப் பெயரை நமக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவர்கள் கேட்ட கேள்வி, நமது ஊரில் ஒவ்வொரு நோயாளியும் மனதுக்குள் கேட்பதுதான்: "இப்ப சுகம்தானே, இனி எதுக்கு இந்தக் குளிசை?"

சல்பாசலசீன் குடித்து ஒரு வருடத்துக்கு மேல் சுகமாக இருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு மருந்தைத் தொடர்ந்தது. மற்றக் குழுவுக்கு மருந்து எதுவும் இல்லாத, பார்வைக்கு அதே போன்ற குளிசையைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் விடை வந்துவிட்டது. வெறும் குளிசை குடித்தவர்களிடையே நோய் மீண்டும் கிளம்பிய வீதம், மருந்தைத் தொடர்ந்தவர்களைப் போல் சுமார் நான்கு மடங்கு. சுகமாக இருந்ததற்குக் காரணமே அந்தக் குளிசைதான் என்பது அப்போது விளங்கியது.

கிருமியே இல்லாத எலிகள்

இதற்கு ஒரு வருடம் முன்னதாக, 1972இல், பெப்பர்கோர்ன், கோல்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விசித்திரமான எலிக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த எலியின் உடலில் ஒரு கிருமிகூட இல்லை. இப்படிப்பட்ட எலிகளின் முதல் தலைமுறையைத் தாயின் வயிற்றிலிருந்து சத்திரசிகிச்சை மூலம் எடுத்து, மூடிய கூண்டில், வடிகட்டிய காற்றிலும் கிருமிநீக்கிய உணவிலும் வளர்ப்பார்கள்.

சாதாரண எலிக்குச் சல்பாசலசீன் கொடுத்தால் அது இரண்டாகப் பிளந்து வெளியே வந்தது. கிருமி இல்லாத எலிக்குக் கொடுத்தால் பிளக்காமல் முழுசாகவே வந்தது. அந்த எலிக்குள் குடல் பற்றீரியாக்களைக் குடியேற்றியதும் மருந்து பிளந்தது.

அப்படியென்றால் அந்த நைதரசன் பாலத்தை அறுப்பது நமது உடல் அல்ல. பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்கள்தான் அதை அறுக்கின்றன. குளிசையின் பெரும்பகுதி இரைப்பையையும் சிறுகுடலையும் பூட்டிய பெட்டி போலக் கடந்து, பெருங்குடலுக்குப் போன பிறகே திறக்கிறது. கிருமியைக் கொல்ல என்று செய்யப்பட்ட மருந்து, கிருமியின் உதவி இல்லாமல் வேலையே செய்யாது! ஸ்வார்ட்ஸ் அம்மையார் திட்டமிடாத ஒரு விடயம் இது. அல்லாஹ்வின் படைப்பில் எதையும் வீண் என்று சொல்ல நமக்குத் தகுதியில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வகுப்பில் நமக்குக் கிடைத்ததில்லை.

டாக்காவிலிருந்து வந்த ஆய்வாளர்

பெட்டி எங்கே திறக்கிறது என்று தெரிந்தது. ஆனால் உள்ளே இருக்கும் இரண்டு பொருட்களில் குடலை ஆற்றுவது எது? சல்பாவா, சாலிசிலிக் பக்கமா?

1973இல் எடின்பரோவில் தாஸும் அவருடைய சகாக்களும் ஒரு பாதியைச் சொன்னார்கள். பக்கவிளைவுகளில் பலவும் இரத்தத்தில் சேரும் சல்பாபிரிடீனின் அளவோடு சேர்ந்தே கூடுகின்றன. அதாவது தொந்தரவு தரும் பாதி அதுதான். ஆனால் மருந்தாக வேலை செய்வதும் அதே பாதியாக இருந்துவிட்டால் தொந்தரவைச் சகித்துக்கொள்வதைத் தவிர வழியில்லையே.

மற்றப் பாதிக்கு விடை கண்டவர் ஏ. கே. ஆசாத் கான். பங்களாதேஷைச் சேர்ந்த மருத்துவர். ஒக்ஸ்போர்டில் ட்ரூலவிடம் கலாநிதிப் பட்ட ஆய்வுக்காகச் சேர்ந்தவர். அவர் செய்த பரிசோதனையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. இரண்டு பாதிகளையும் தனித்தனியே வாயால் கொடுத்தால் அவை மேல் குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பெருங்குடலுக்குப் போய்ச் சேராது. எனவே எனிமாவாக, பின்வழியாக, புண் இருக்கும் இடத்துக்கே நேராகக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு முழுச் சல்பாசலசீன். ஒரு குழுவுக்குச் சல்பாபிரிடீன் மட்டும். ஒரு குழுவுக்கு 5 அமினோ சாலிசிலிக் அமிலம் மட்டும். யாருக்கு எது கிடைக்கிறது என்று நோயாளிக்குத் தெரியாது. பிறகு குடலின் உட்சுவரிலிருந்து சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள்.

முழு மருந்து கிடைத்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் குடலில் முன்னேற்றம் தெரிந்தது. சாலிசிலிக் பாதி மட்டும் கிடைத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. சல்பா மட்டும் கிடைத்தவர்களில் மிகச் சிலருக்கே முன்னேற்றம் தெரிந்தது.

1977இல் லான்செட் சஞ்சிகையில் ஆசாத் கான், பிரிஸ், ட்ரூலவ் என்ற மூன்று பெயர்களோடு அந்தக் கட்டுரை வெளியானது. பங்களாதேஷ் என்ற நாடு பிறந்து ஆறு வருடங்கள்தான் ஆகியிருந்தன. முப்பத்தைந்து வருடமாக உலகம் குடித்த மருந்தில் எந்தப் பாதி மருந்து, எந்தப் பாதி வெறும் வாகனம் என்பதை அந்தப் புதிய நாட்டின் ஓர் ஆய்வாளர் பிரித்துக் காட்டினார்.

அதன் பிறகு வழி திறந்தது. சல்பா இல்லாமல் சாலிசிலிக் பாதியை மட்டும் பெருங்குடலுக்கு அனுப்புவது எப்படி என்று கம்பனிகள் யோசித்தன. சிலர் இரைப்பையில் கரையாத உறை போட்டார்கள். சிலர் அதே மூலக்கூறு இரண்டை அசோ பாலத்தால் பிணைத்து, திறக்கும் வேலையை மறுபடி பற்றீரியாக்களிடமே விட்டார்கள். இன்று மெசலசீன் என்று டொக்டர் எழுதித் தரும் குளிசைகள் எல்லாம் அந்த எனிமா ஆய்வின் பிள்ளைகள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்வார்ட்ஸ் முதலில் தேடிய மூட்டுவாதத்தில் வேலை செய்வது பெரும்பாலும் சல்பா பாதிதான் என்று 1980களின் ஆய்வுகள் காட்டின. ஒரே குளிசை, குடலுக்கு ஒரு பாதி, மூட்டுக்கு மறு பாதி.

ஆசாத் கான் அதோடு நிற்கவில்லை. சுகத்தை நிலைநிறுத்த எவ்வளவு சல்பாசலசீன் போதும் என்று ஒரு நாளைக்கு 1, 2, 4 கிராம் என மூன்று அளவுகளை ஒப்பிட்ட ஆய்வை 1980இல் வெளியிட்டார். 4 கிராம் நன்றாகக் காத்தது, ஆனால் பக்கவிளைவு கூடியது. பெரும்பாலானோருக்கு 2 கிராம் பொருத்தமான நடுவழி என்று கண்டார். பிறகு நாட்டிலேயே பணி செய்து, டாக்காவில் நீரிழிவு நோயாளிகளுக்கான பெரும் சங்கத்தின் தலைவராக இருந்தார். 2021இல் பங்களாதேஷ் அரசு அவரைத் தேசியப் பேராசிரியராக அறிவித்தது.

இன்னும் முடியாத கதை

நோய் ஏன் வருகிறது என்ற கேள்வி இன்றும் முழுமையாகத் தீரவில்லை. ஆனால் துண்டு துண்டாக விளங்கி வருகிறது. மரபணு மாற்றத்தால் குடலிலும் மூட்டிலும் அழற்சி வரும் எலி வகை ஒன்று உண்டு. அதே எலியைக் கிருமியில்லாத கூண்டில் வளர்த்தால் இரண்டு அழற்சியும் வருவதில்லை என்று 1994இல் காட்டினார்கள். 2008இல் பாரிஸ் ஆய்வாளர்கள், குரோன்ஸ் நோயாளிகள் சிலரின் குடலில் ஒரு நல்ல பற்றீரியா குறைந்துபோயிருப்பதையும், அது குறைந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புவது கூடுதலாக இருப்பதையும் கண்டார்கள். எனவே ஒரு கெட்ட கிருமியைத் தேடிய காலம் போய், முழுக் கூட்டத்தின் சமநிலையைப் பார்க்கும் காலம் வந்திருக்கிறது.

2023இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு இன்னொரு திருப்பத்தைச் சொன்னது. சிலருடைய குடலில் உள்ள சில பற்றீரியாக்கள், ஆசாத் கான் கண்டுபிடித்த அந்த நல்ல பாதியையே மாற்றி, வலுவிழக்கச் செய்துவிடுகின்றன. ஒரே குளிசை ஒருவருக்குக் கேட்பதும் இன்னொருவருக்குக் கேட்காததும் ஏன் என்பதற்கு இது ஒரு காரணம். அதனால் "அவருக்குச் சுகமானதே, உனக்கு ஏன் ஆகவில்லை, நீ ஒழுங்காகக் குடிப்பதில்லை" என்று நோயாளியைக் குற்றம் சொல்லாதீர்கள்.

நமக்கு என்ன?

மலத்தோடு இரத்தம் போனால், வாரக்கணக்கில் வயிற்றோட்டம் நிற்காவிட்டால், மூலம் என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். வெட்கம் ஒரு நாளைக்கு, வருத்தம் வருடக்கணக்குக்கு.

சுகமாக இருக்கிறது என்று குளிசையை நிறுத்தாதீர்கள். திசாநாயக்கவும் ட்ரூலவும் 1973இல் கண்ட விடை அதுதான். தலையிடியோ ஓங்காளமோ வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஆண்கள் சல்பாசலசீன் எடுப்பதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். அது விந்தணுவைக் குறைக்கக்கூடும், நிறுத்தினால் வழமைக்குத் திரும்பும், மாற்று மருந்து இருக்கிறது. நல்ல பற்றீரியா என்று விளம்பரத்தில் வரும் பவுடரை வாங்கிக் குடித்துவிட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள். நோன்பு காலத்தில் குளிசை நேரத்தை ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றலாமா, நோன்பையே விட வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கழிவறையைத் தொழுகை நேரத்தில் பூட்டாதீர்கள். கடைசி ஸப்பில், வாசலுக்குப் பக்கத்தில் நிற்பவரை "முன்னுக்கு வாங்க" என்று வற்புறுத்தாதீர்கள். அவர் அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கலாம்.

நமது பிள்ளைகளுக்கும் ஒன்று. கலாநிதிப் பட்டம் என்றால் பெயருக்கு முன்னால் போடும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். ஆசாத் கான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இரண்டு பாதிகளில் எது? அதற்கு மூன்று எனிமாக்களும் பொறுமையும் போதுமாக இருந்தன. கொழும்போ டாக்காவோ, கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ஊர் தடையில்லை.

இந்த வருத்தத்தோடு வாழும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைத் தாங்கி நிற்கும் குடும்பங்களுக்குப் பொறுமையைத் தருவானாக. ஆமீன்.